சேற்றில் நிற்கும் மெஷின்

தை பிறந்துவிட்டால் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் பேச்சு வயலுக்குப் போய்விடும். முருங்கைக்காய்க் கட்டுக்கும் ஐஸில் கிடக்கும் அறக்குளா மீனுக்கும் நடுவே நின்று ஒருவர் கேட்பார்: "வெட்டு முடிஞ்சுதோ?" கேட்டவர் கிளிநொச்சிக்காரர். "எங்க முடியிறது? வயலுக்குள்ள தண்ணி நிக்குது. மெசின் இறங்காதாம்" என்று பதில் வரும். பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டை முகர்ந்துகொண்டிருந்த மன்னார்குடிக்காரர் நிமிர்ந்து, "எங்க ஊர்லயும் அதே கதைதாங்க. மிஷின் வந்துச்சு, பெல்ட் கழண்டு நட்ட நடுவுல நிக்குது" என்பார்.

இவர்களில் யாருக்கும் லண்டனில் ஒரு குழி நிலம் கிடையாது. ஊரில் உண்டு. அண்ணன் பார்க்கிறார், மச்சான் பார்க்கிறார், குத்தகைக்கு விட்டிருக்கிறது. மெஷின் வாடகைக்குப் பணம் போதவில்லை என்றால் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் இங்கேதான் அலறுகிறது. வீடியோவைத் திறந்தால் சேற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் அறுவடை இயந்திரம், அதன் வயிற்றுக்குள் தலையை விட்டிருக்கும் இரண்டு பையன்கள், மேலே கறுத்த வானம்.

மழை ஒரு கஷ்டம், மெஷின் பழுது இன்னொரு கஷ்டம் என்று நாம் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். வயலில் இரண்டும் சேர்ந்தேதான் வரும். ஈரம் இருக்கும்போதுதான் மெஷின் திணறும். அது திணறும் நேரம் பார்த்துத்தான் அடுத்த மழை கருக்கும். இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கிற ரெண்டு நாள் வெயிலில் வேலை முடிந்தால் நெல் வீடு வரும். அந்த ரெண்டு நாளைக் காப்பாற்றிக் கொடுப்பது எது என்று கேட்டால் பெரும்பாலோர் "பெரிய மெஷின்" என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. போன பாகத்தை மாற்றிப்போட ஆளும் சாமானும் எத்தனை மைலில் இருக்கின்றன என்பதுதான் கணக்கு. இங்கிலாந்து வயல்களைப் பார்த்தாலும் அதுதான், வன்னியைப் பார்த்தாலும் அதுதான், தஞ்சையைப் பார்த்தாலும் அதுதான்.

தூறலில் மூழ்கும் நாடு

2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான 18 மாதங்களில் இங்கிலாந்தில் 1,695.9 மில்லிமீட்டர் மழை பெய்தது. 1836-இல் தொடங்கும் பதிவுகளில் எந்த 18 மாதத்திலும் இவ்வளவு பெய்ததில்லை. 2023 அக்டோபரில் பாபெட் புயல், நவம்பரில் கியாரன், 2024 ஜனவரியில் ஹென்க் என்று வரிசை கட்டி வந்தன. அக்டோபரில் விதைக்க வேண்டிய கோதுமை நிலம் ஏரியாகக் கிடந்தது. விதைத்தது அழுகியது, விதைக்காதவர் வசந்தம் வரை கை கட்டி நின்றார். உருளைக்கிழங்கு தோண்டும் இயந்திரம் இறங்க முடியாமல் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்தது. 2023-இல் 1.4 கோடி டன்னாக இருந்த பிரிட்டனின் கோதுமை 2024-இல் 1.11 கோடி டன்னுக்கு இறங்கியது. அரசு விவசாய மீட்பு நிதி என்று 5 கோடி பவுண்டு அறிவித்து, பிறகு அதை 6 கோடியாக்கி, சுமார் 13,000 பண்ணைகளுக்குக் கொடுத்தது. அதற்கடுத்த 2025 வசந்தமோ இங்கிலாந்தில் நூறாண்டுக்கு மேல் காணாத வறட்சி. அது வேறு புலம்பல்.

நம்மவருக்கு ஒரு சந்தேகம் வரும். லண்டனில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் பாதிகூட இல்லை. இந்தத் தூறலுக்கா வயல் மூழ்குகிறது? விஷயம் பெய்வதில் இல்லை, காய்வதில் இருக்கிறது. மார்கழி, தையில் இங்கே வெயில் காலை எட்டுக்கு எட்டிப் பார்த்து மாலை நாலுக்குப் போய்விடும். நிலம் குடித்த தண்ணீர் ஆவியாகாது. கீழே எசெக்ஸ் களிமண். அது தண்ணீரை விடவும் விடாது. ஐப்பசியில் நனைந்த வயல் பங்குனி வரை நனைந்தே இருக்கும். நம் ஊரில் ஒரே ராத்திரியில் 200 மில்லிமீட்டர் கொட்டினாலும், வடிகால் சரியாக இருந்து ரெண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் வரப்பில் செருப்போடு நடக்கலாம்.

ஈஸ்ட் ஹாம் அலாட்மென்ட் ஒன்றில் இதைக் கண்ணாரப் பார்க்கலாம். கவுன்சில் வாடகைக்குத் தரும் சிறு துண்டு நிலம். பென்ஷன் வாங்கும் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் அங்கே பயற்றையும் பூசணியும் கீரையும் போடுகிறார். மார்ச் மாதத்தில் ஒரு நாள் பக்கத்துப் பாத்தி இளைஞர் கிண்டும் மெஷினோடு வந்து நின்றார். ஐயா ஒன்றும் சொல்லவில்லை. முட்கரண்டியால் ஒரு சாண் ஆழத்தில் மண்ணெடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருட்டினார். மண் உதிரவில்லை; இடியப்ப இழைபோல நீண்டு, வெடிப்பில்லாமல் தொங்கியது. அதை இளைஞர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். "தம்பி, இது உதிருற நாளைக்கு வாங்கோ. இண்டைக்குக் கிண்டினால் கோடை முழுக்கக் கல்லு உடைக்க வேண்டி வரும்."

இளைஞர் கேட்கவில்லை. ஆனால் மெஷினே அவரைத் தடுத்துவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம், ஸ்டார்ட் ஆகவில்லை. புரட்டாசியோடு மூடி வைத்தபோது டாங்கில் விட்ட பெட்ரோல் அப்படியே இருந்தது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் சாதாரண பெட்ரோல் என்றால் பத்து சதவிகிதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுதும் சும்மா கிடந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பிசுக்குப் படிந்து ஜெட் துளை அடைத்துக்கொள்ளும். ஐயா தம் பெட்டியிலிருந்து ஸ்பானர் எடுத்து, கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, ஒற்றைக் கம்பி இழையால் துளையைக் குத்தி மாட்டினார். கால் மணி நேர வேலை. பழுது பார்க்க ஆள் பக்கத்துப் பாத்தியில் இருந்தார். அதிர்ஷ்டம்.

பெல்ட் வண்டி ஏன் நிற்கிறது

காவிரிப் படுகையிலும் வன்னியிலும் ஈர வயலில் ஓடுவது டயர் வண்டி அல்ல, பெல்ட் வண்டி. ரப்பர் பட்டை பூட்டிய குபோட்டா வகை இயந்திரம். மூன்று டன் சொச்சம் எடையைப் பட்டை முழுக்கப் பரப்பி வைப்பதால் சேற்றில் மிதந்தாற்போலப் போகும். இங்கிலாந்தின் பெரிய கோதுமை அறுவடை இயந்திரங்கள் தானியத்தோடு 25 டன்னைத் தாண்டுபவை. நம் வயலில் இறக்கினால் மறுநாள் தொல்லியல் துறையைத்தான் கூப்பிட வேண்டும்.

மிதக்கிற வண்டியும் நிற்கத்தான் செய்கிறது. காரணங்களைக் கேட்டால் ஓட்டுநர்கள் ஒப்பிப்பார்கள். காய்ந்த தாள் கதிரடிக்கும் உருளையில் பட்டு முறிந்து வெளியே போகும். ஈரத் தாள் முறியாமல் கயிறுபோலச் சுற்றிக்கொள்ளும். உருளை கனக்கும், அதை இழுக்கும் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் சூடேறும். கருகிய ரப்பர் வாடை வந்தால் வண்டியை நிறுத்த வேண்டும். நிறுத்தாதவர் பெல்ட் அறுந்த பிறகு நிறுத்துவார். சல்லடையில் ஈரச் சக்கை அப்பிக்கொண்டால் நெல் தொட்டிக்குப் போகாமல் வைக்கோலோடு பின்னால் கொட்டும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது இந்த இடத்தில்தான். பயிர் சாய்ந்து கிடந்தால் சாய்ந்த பக்கத்துக்கு எதிராகவே அறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெறும் வண்டியாகத் திரும்பி வரவேண்டும். இரண்டு மணி வேலை நாலு மணியாகும்.

பட்டைக்குள் சேறும் தாளும் சேர்ந்து இறுகும். உருளைகளின் சீல் கிழிந்து சேறு உள்ளே போனால் பேரிங் தேய்ந்து கரகரவென்று சத்தம் போடும். வரப்போரத்தில் அவசரப்பட்டு நின்ற இடத்திலேயே வண்டியைத் திருப்பினால் பட்டை கழன்று விழும். விழுந்த பட்டையைச் சேற்றுக்குள் மாட்டுவது இருக்கிறதே, நாலு ஆள், ரெண்டு ஜாக்கி, பலகைகள், ஒரு பகல். அனுபவமுள்ளவர் அகலமாக வளைத்துத்தான் திருப்புவார். நெல் கொஞ்சம் மிதிபட்டாலும் பரவாயில்லை என்பார்.

இதில் வாடகைக் கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மணிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். வண்டி திணறினால் நேரம் ஓடும், நஷ்டம் விவசாயிக்கு. இலங்கையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசுவது வழக்கம். அங்கே திணறினால் நஷ்டம் வண்டிக்காரருக்கு. ஆகையால் ஈர வயல் என்றாலே "பிறகு வாறன்" என்று காய்ந்த வயலுக்குப் போய்விடுவார். இரண்டு ஊரிலும் பள்ளக் காணிக்காரர்தான் கடைசியில் நிற்கிறார். பட்டை கழன்று கிடக்கிற அந்த ஒரு பகலுக்கு யார் பொறுப்பு என்பதை வாடகை பேசும்போது யாரும் பேசுவதில்லை. பேசாததால் வரப்பில் நின்று கத்துகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற போகத்தில் வண்டி புதைந்த இடத்தில்தான் இந்தப் போகமும் புதையும். நெல் வயலின் சேற்றுக்கடியில் வருஷக் கணக்காக மிதிபட்டு இறுகிய ஒரு தளம் உண்டு. தண்ணீரைத் தாங்குவதும் வண்டியைத் தாங்குவதும் அதுதான். ஒருமுறை ஆழப் புதைந்து உழன்றால் அது உடையும். உடைந்த இடத்தைக் குறித்து வைத்து, மறு போகத்தில் அந்த மூலையை மட்டும் அரிவாளால் அறுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அரை நாள் ஆள் கூலி; ஒரு நாள் வண்டி மிச்சம்.

வெள்ளத்துக்குள் முழுகிய எஞ்சினுக்கு வேறு வைத்தியம். 2025 நவம்பர் 28-ஆம் தேதி இலங்கையில் கரையேறிய டிட்வா புயல் 600-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. காலபோகத்துக்கு விதைத்த வயல்களையும் மூழ்கடித்தது. இப்படியான வெள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் பம்பும் உழவு மெஷினும் சேர்ந்தே மூழ்கும். தண்ணீர் வடிந்ததும் ஆவலில் எல்லோரும் செய்வது, ஓடுதா என்று ஒரு தடவை அடித்துப் பார்ப்பது. அந்த ஒரு தடவைதான் எஞ்சினைக் கொல்லும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜெக்டரையோ பிளக்கையோ கழற்றிக் கையால் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பழைய ஆயிலையும் டீசலையும் முழுக்க வடித்து, ஃபில்டரை மாற்றி, புதிய ஆயில் விட்ட பிறகே தொட வேண்டும். சாதாரண மழைக்காலத்திலும் டீசலில் தண்ணீர் கலப்பதுதான் பாதி நோய்க்கு மூலம். அரை டாங்கோடு ராத்திரி நிறுத்தினால் உள்ளே காற்று குளிர்ந்து வேர்க்கும். மாலையிலேயே நிரப்பிவிடுகிறவருக்கு விடியலில் ஏர் லாக் எடுக்கும் வேலை குறைவு.

சாவி யார் கையில்?

இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் மறக்கக் கூடாதது ஒன்று. மழை வருகிற அவசரத்தில் ஓடுகிற மெஷினுக்குள் கைவிட்டு அடைப்பு எடுப்பவர்களின் கைகள் போகின்றன. பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு நிர்வாகம் பண்ணையாட்களுக்குச் சொல்லும் பாடம் நாலே வேலைதான்: கைபிரேக் போடு, கியரையும் கட்டுப்பாடுகளையும் நடுநிலைக்குக் கொண்டுவா, எஞ்சினை நிறுத்து, சாவியைக் கழற்று. கழற்றின சாவி உள்ளே கைவிடுகிறவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

புதைந்த டிராக்டரை இழுப்பது அடுத்த எமன். பின்சக்கரம் சேற்றில் இறுகியிருக்கும்போது முன்னே ஓட்ட கியர் போட்டு அழுத்தினால், சக்கரம் சுற்றாமல் டிராக்டரின் மூக்கு மேலே எழும்பும். கண் மூடித் திறப்பதற்குள் பின்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்துவிடும். கயிறு உயரத்தில் கட்டியிருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பிரிட்டன் 1970 முதல் புது டிராக்டர் எல்லாவற்றுக்கும் கவிழ்ந்தாலும் நசுங்காத கூடு கட்டாயம் என்று சட்டம் போட்டது. நம் ஊர் வயல்களில் அந்தக் கூடு இல்லாத டிராக்டர்களே கண்ணில் படுகின்றன. மண்வெட்டியால் சக்கரத்துக்குப் பின்னால் சரிவு வெட்டி, பின்பக்கமாகவே எடுத்துப் பார்ப்பது நேரம் பிடிக்கும். உயிர் போவதற்கு அந்த நேரம் தேவைப்படாது.

நாலு ஸ்டேஷன் தள்ளி

ஈஸ்ட் ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் பார்க்கிங், அப்னி, பெகன்ட்ரீ, நாலாவது டாகென்ஹாம் ஹீத்வே. அங்கிருந்து தேம்ஸ் பக்கம் இறங்கினால் ஃபோர்டு ஆலை. 1933 முதல் 1964 வரை ஃபோர்ட்சன் டிராக்டர்கள் பிறந்த இடம் அது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் தயாரித்த டிராக்டர்களில் மிகப் பெரும்பகுதி இங்கிருந்துதான் வந்தது. பிறகு உற்பத்தி பாசில்டனுக்குப் போயிற்று. ஃபோர்ட்சன் மேஜர் கப்பலேறி இலங்கை வயல்களுக்கும் வந்தது. கவன்ட்ரியில் செய்த மாஸி ஃபெர்குசனும் வந்தது. அதே குடும்பத்து டிராக்டரைச் செய்யச் சென்னையில் 1960-இல் டாஃபே தொடங்கியது. நாட்டிங்காமுக்குப் பக்கத்தில் ஹக்நாலில் உருவான லான்ட்மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு மெஷினின் பேரைச் சொல்லித்தான் இலங்கையின் வடக்கில் இன்றும் சீனாக்காரர் செய்ததையும் கூப்பிடுகிறார்கள். குளோஸ்டர்ஷரின் டர்ஸ்லியில் பிறந்த லிஸ்டர் டீசல் எஞ்சின் நிமிஷத்துக்கு 650 சுற்றில் டுக்கு டுக்கென்று கிணற்றடிகளில் ஓடியது. அதன் நகல்களை ராஜ்கோட் பட்டறைகள் ஆயிரக்கணக்கில் வார்த்தன.

இவற்றில் எதுவும் பெரிய மெஷின் அல்ல. மழையைத் தாங்கியவை என்றும் சொல்ல முடியாது. நனைந்தால் மேக்னெட்டோ மக்கர் பண்ணும், ஃபோர்ட்சனைக் குளிர்காலத்தில் ஹேண்டில் போட்டுக் கிளப்பிய ஆள்கள் மணிக்கட்டு பிசகிக் கிடந்திருக்கிறார்கள். ஆனால் நின்றால் நின்ற இடத்திலேயே பிரிக்கலாம். நாலு ஸ்பானர், ஒரு சுத்தியல், புளியமர நிழல். உடைந்த பாகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனால் லேத் பட்டறையில் கடைந்து கொடுப்பார்கள்.

இதன் அருமை வடக்கில் தெரிந்த அளவு வேறெங்கும் தெரிந்திருக்காது. 1990-களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோலும் டீசலும் பேட்டரியும் உதிரிப்பாகங்களும் வரவில்லை. சொட்டுப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தண்ணீர் இறைக்கும் மெஷின்கள் அப்படித்தான் தோட்டங்களைக் காப்பாற்றின. ஒரு மெஷினைக் கழற்றி மூன்று மெஷினுக்கு உயிர் கொடுத்த கைகள் அன்று ஒவ்வொரு சந்தியிலும் இருந்தன. அந்தக் கைகளில் சில பிறகு விமானம் ஏறின. ஈஸ்ட் ஹாம் சுற்றுவட்டாரத்து கார் கராஜ்களில் எட்டிப் பார்த்தால் தெரியும்.

இன்றைய மெஷின் நிற்பதே வேறு விதம். எஞ்சினில் கோளாறு இருக்காது. ஒரு சென்சரின் கனெக்டருக்குள் ஈரம் புகுந்திருக்கும். திரையில் ஒரு எண் மின்னும். வேகம் தானாகவே இறங்கிவிடும். எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று கம்பெனி டீலரின் லேப்டாப்புக்குத்தான் தெரியும். பழுது ஐந்து நிமிஷம், காத்திருப்பு மூன்று நாள், நடுவே மழை. அமெரிக்காவில் இந்தச் சண்டை கோர்ட்டுக்கே போய்விட்டது. பழுது பார்க்கும் மென்பொருளைத் தன் டீலர்களுக்கு மட்டுமே வைத்துக்கொண்டிருப்பதாக ஜான் டியர் கம்பெனி மேல் அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் 2025 ஜனவரி 15-இல் இல்லினாய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து வழக்குப் போட்டது. அயோவாவின் சோள வயலில் நிற்கிறவரும் முல்லைத்தீவில் நிற்கிறவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: என் காசில் வாங்கிய மெஷினை நான் ஏன் திறக்கக் கூடாது?

டாகென்ஹாமுக்கு இன்னொரு பழைய கதையும் உண்டு. ஈஸ்ட் ஹாமின் தென்பாதி முதல் டாகென்ஹாம் வரை ஆற்றங்கரை முழுதும் ஒருகாலத்தில் அணை போட்டு மீட்ட சதுப்பு நிலம். தண்ணீரை வடிக்கக் கரையில் ஆங்காங்கே சிறு மதகுகள். 1707 டிசம்பரில் ஒரு புயல் நாளில் டாகென்ஹாமில் அப்படியொரு மதகு பிய்த்துக்கொண்டு போனது. உடனே அடைத்திருந்தால் சின்ன வேலை; கைக்காசு போட வேண்டுமே என்று நிலக்காரர்கள் தயங்கினார்கள். அலை ஏறி இறங்க உடைப்பு அகன்று, சுமார் ஆயிரம் ஏக்கர் தண்ணீருக்குள் போயிற்று. அரித்த மண் தேம்ஸில் மேடு தட்டிக் கப்பல் போக்குவரத்தை மறித்த பிறகுதான் பார்லிமென்ட் 1714-இல் சட்டம் போட்டுக் காசு ஒதுக்கியது. முதல் ஒப்பந்தக்காரர் தோற்றார். ருஷ்யாவில் மன்னர் பீட்டரிடம் வேலை பார்த்துத் திரும்பிய கேப்டன் ஜான் பெர்ரி என்பவர் வருஷக் கணக்கில் மல்லுக்கட்டி 1720-க்குள் அடைத்தார். மிஞ்சிய குட்டையின் ஒரு பகுதி மேல்தான் பின்னால் ஃபோர்டு ஆலையே எழும்பியது.

நம் ஊர் வாய்க்கால்களுக்கும் இது பொருந்தும். வடிகாலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும்போது பெல்ட் வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தால் என்ன? தூர் வாராத கால் மைல் வடிகால் நூறு ஏக்கரைப் பள்ளக் காணியாக்கிவிடும்.

அறுத்த பிறகு

மெஷின் கரையேறினாலும் மழை விடாது. நெல் அறுக்கும்போது ஈரப்பதம் 20 சதவிகிதத்துக்கு மேல் இருப்பது சகஜம். குவித்து மூடினால் ஒரு நாளிலேயே உள்ளே கை வைக்க முடியாத சூடு. அடுத்து மஞ்சள், அடுத்து முளை. இங்கிலாந்துப் பண்ணைகளில் ஈரக் கோதுமையை அறுத்து நேரே உலர்த்தும் இயந்திரத்துக்குள் விட்டு 15 சதவிகிதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். செலவு உண்டு, ஆனால் வானத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டியதில்லை. நமக்கு உலர்த்தும் இயந்திரம் தார் ரோடு. வன்னியின் ஏ9 சாலையோரத்திலும் தஞ்சை, திருவாரூர் ரோட்டிலும் பாதி வழி நெல். மீதி வழியில் பஸ்.

தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவிகிதம்தான் வரம்பு. மழை வந்தால் தளர்த்தச் சொல்லி டெல்லிக்குக் கடிதம் போகும். 2022 அக்டோபரில் 19 வரை விட்டார்கள். 2023 பிப்ரவரியில் சம்பா அறுவடையில் பருவம் தப்பிப் பெய்தபோது 20 வரை விட்டார்கள். 2025 தீபாவளியை ஒட்டிய மழையில் குறுவை நெல் நிலைய வாசல்களில் முளைவிட்டுக் கிடந்தது. 22 சதவிகிதம் கேட்டு மாநிலம் எழுதியது, மத்தியக் குழுக்கள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தன. இலங்கையில் நெல் சந்தைப்படுத்தல் சபை கேட்பது 14 சதவிகிதம். 2025 பிப்ரவரியில் நாடு நெல் கிலோ 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132 என்று அரசு விலை அறிவித்தது. 14-க்கு மேல் ஈரமாக இருப்பவரால் அந்த விலையை பேப்பரில்தான் பார்க்க முடியும். வயலோரத்திலேயே லொறியோடு நிற்கும் தனியாரிடம் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார். ஒரு மழை, ஒரு பேரிங், ஒரு பகல் தாமதம். அதன் விலை இப்படி மூட்டைக்கு மூட்டை கழிகிறது.

லண்டன் காசு ஊருக்குப் போகும்போது என்னவாகப் போகிறது என்று விசாரித்தேன். கோயிலுக்குத் தேர், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம், தம்பிக்கு டிராக்டர். வசதி இருந்தால் வெட்டு மெஷின். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு கமக்கார அமைப்புக்குப் பொதுவாக இருபது பெல்ட், நாற்பது பேரிங், சீல் செட், ஃபில்டர், ரெண்டு ஜாக்கி, நாலு கனத்த பலகை வைத்த ஒரு அலமாரிக்கு ஆகும் காசு ஒரு பழைய டிராக்டரின் விலையில் சிறு பங்குகூட வராது. உதிரிக்கு யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பஸ்ஸில் ஆள் அனுப்புகிற ஒரு நாள் மிச்சமாகும். ஊரில் ரெண்டு பையன்களை மோட்டார் மெக்கானிக் படிக்க வைத்தால் அதைவிட லாபம். பொதுவில் ஒரு உலர்த்தும் இயந்திரம் கொஞ்சம் பெரிய செலவு. பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

இதைக் கடையில் சொன்னேன். கிளிநொச்சிக்காரர் பொறுமையாகக் கேட்டார். பில் போட்டு முடிகிற வரைக்கும் யோசித்தார்.

"நீங்கள் சொல்லுறது சரிதான். மெசின் எண்டால் மாலை போட்டு, தேசிக்காய் வைச்சு, படம் எடுத்து பேஸ்புக்கில போடலாம். நாற்பது பேரிங்குக்கு எங்க மாலை போடுறது?"

பக்கத்தில் நின்ற மன்னார்குடிக்காரர் போனில் மும்முரமாக இருந்தார். கழன்ற பெல்ட்டின் நம்பர் மேல் சேறு அப்பியிருந்ததாம். துடைத்துவிட்டு இன்னொரு போட்டோ அனுப்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.